பிரிகம் யங் பல்கலைக்கழக வளாகத் தேர்வு

பிரிகம் யங் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, ஹவாய் மாநிலங்களில் மூன்று வளாகங்கள் இயங்குகின்றன. மூன்றும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபைக்குச் சொந்தம். மார்மன் சபை என்றால் பலருக்கும் புரியும். பெயர் ஒன்றானாலும் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிப் பாடத்திட்டம், தனிப் பட்டம். ஓரிடத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் மீண்டும் விண்ணப்பித்துத்தான் ஆகவேண்டும். எனவே சேரும்முன் யோசிப்பது நல்லது.

நடத்தை விதிகளை வைத்து வளாகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கும் அவை ஏறத்தாழ ஒன்றே. மது, புகையிலை மட்டுமின்றி தேநீரும் காபியும்கூட விலக்கு. ஆண்கள் பொதுவாகத் தாடி வைக்கக்கூடாது. சமயப் பாடங்கள் கட்டாயம். மாணவரின் ஒழுக்கத்துக்குச் சமயத் தலைவர் ஒருவர் சான்று அளிக்கவேண்டும். சபையினரின் தசமபாகக் காணிக்கை கல்விச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குவதால் உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு. பிறருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியும் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றைவிட இது மலிவு.

யூட்டாவின் புரோவோ நகர வளாகமே மூத்தது. 1875-இல் அகாதமியாகத் தொடங்கி 1903-இல் பல்கலைக்கழகம் ஆனது. 30,000-க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். முனைவர் பட்டம், சட்டக் கல்லூரி, பெரிய விளையாட்டு அணிகள் எல்லாம் இங்குதான். இடம் கிடைப்பதும் இங்குதான் கடினம். ஆய்வில் நாட்டமுள்ளவர் முதலில் முயலவேண்டிய இடம் இது.

ஐடஹோவின் ரெக்ஸ்பர்க் வளாகம் 1888-இல் தோன்றியது. ரிக்ஸ் கல்லூரி என்ற பெயரில் ஈராண்டுப் படிப்பு நடத்திவந்து, 2001-இல் இப்போதைய பெயரையும் நான்காண்டுப் பட்டங்களையும் பெற்றது. இங்கே ஆய்வைவிடக் கற்பித்தலுக்கே முதலிடம். பேராசிரியர்களுக்குப் பதவிப் படிநிலைகூடக் கிடையாது. கல்வியாண்டு மூன்று சம பருவங்களாகப் பிரிந்திருக்கும். மாணவருக்கு அவற்றில் இரண்டு ஒதுக்கப்படும். குளிர்காலமும் வசந்தமும் கிடைத்தவருக்கு, மற்ற கல்லூரிகள் திறக்கும் செப்டம்பரில் விடுமுறை. அதே கட்டடங்களில் கூடுதல் பேருக்கு இடம் தரும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் வேலை, திருமணம், வீட்டு வாடகை எல்லாவற்றையும் இந்த அட்டவணைக்கு ஏற்பத் திட்டமிடவேண்டியிருக்கும். கடுங்குளிரையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஹவாயின் ஓவாஹு தீவிலுள்ள லாயி வளாகம் 1955-இல் தொடங்கியது. சுமார் 3,000 மாணவர்களே படித்தாலும் ஆசிய, பசிபிக் நாட்டவர் பெருமளவில் சேர்கிறார்கள். கையில் பணமில்லாத ஆசிய மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது இதையே. பக்கத்திலேயே பாலினீசியப் பண்பாட்டு மையம் உள்ளது. மாணவர்களுக்கு வேலை தரும் நோக்கத்தோடு 1963-இல் திறக்கப்பட்ட அந்தச் சுற்றுலாத் தலத்தில் சமோவா, டோங்கா, பிஜி மாணவர்கள் தங்கள் ஆடல் பாடல்களை நிகழ்த்தி, உணவு பரிமாறி, அனுமதிச்சீட்டு விற்றுப் படிப்புச் செலவை ஈடுகட்டுகிறார்கள். வேலையோடு இணைந்த உதவித்திட்டத்தில் சேர்பவர், படிப்பு முடிந்ததும் தம் நாட்டுக்கோ பகுதிக்கோ திரும்புவார் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்காவிலேயே தங்க விரும்புபவர் இதை முன்கூட்டியே எண்ணிப்பார்க்கவேண்டும்.

விசாவுக்கோ விமானச் செலவுக்கோ வழியில்லாதவர்களுக்கு 2017-இல் அமைந்த பிரிகம் யங் பாத்வே நிறுவனம் உண்டு. அதன்வழி இணையத்தில் படிப்பவர்களுக்கு ஐடஹோ வளாகமோ சால்ட் லேக் சிட்டியிலுள்ள என்சைன் கல்லூரியோ பட்டம் வழங்குகிறது.