பேராதனை விடுதிகளும் திருகோணமலை மாணவரும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடே ஓடும் மகாவலி கங்கை, மலைநாட்டை விட்டிறங்கி நெடுந்தூரம் சென்று, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. ஆறு கடலை நாடி வர, திருகோணமலை மாவட்டத்து மாணவர் அறிவை நாடி அவ்வாற்றின் மேற்கரைகளுக்குச் சென்றனர். 1927ஆம் ஆண்டிலே திருகோணமலைக்கு வந்த புகையிரதப் பாதையால் அப்பயணம் இயலுவதாயிற்று. கல்லோயா, மாகோ, பொல்காவலை எனச் சந்திகளைக் கடந்து, வண்டி மாறிக் கண்டிப் பாதையைப் பிடித்தல் வேண்டும். இறங்கிய இடத்தில் உற்றார் எவருமிலர். அங்கு அவனை ஏற்றுக்கொள்வது எது? இக்கேள்விக்கு விடையாக எழுந்தவையே பேராதனை விடுதிகள்.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906ஆம் ஆண்டு முதல் குரலெழுப்பியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கிடைத்ததோ கொழும்பிலே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுமே. விரிவுரை முடிந்ததும் நகரத்துப் பிள்ளைகள் வீடு திரும்புவர். வெளியூர்ப் பிள்ளைகளோ விடுதி, வாடகை அறை, உறவினர் வீடு எனச் சிதறிக் கிடந்தனர். வருங்காலப் பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா, கண்டிப் பக்கத்தில் அமைவதா என்று பல்லாண்டு நடந்த வாதம் வெறும் நிலத் தகராறன்று. மாணவர் வந்து போகும் இடமா, வாழும் இடமா என்பதே அதன் உட்பொருள்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு மூன்று மாதம் நிறையுமுன்னர், யூலை 1ஆம் நாள், இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தோன்றியது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், அது வதிவிடப் பல்கலைக்கழகமாகவே இருத்தல் வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். அவ்வெண்ணம் உருப்பெற 1952இல் பேராதனைக்குக் குடிபெயரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில், 1945இல் வந்த இலவசக் கல்வி, முன்னர் பல்கலைக்கழகத்தைக் கனவிலும் காணாத குடும்பங்களுக்கு வழி திறந்திருந்தது. கதவு திறந்தாற் போதுமா? உள்ளே படுக்கவும் உண்ணவும் இடம் வேண்டுமன்றோ!

அருணாசலம், ஜயதிலக, ராமநாதன், மார்ஸ் என்பன ஆடவர்க்கும், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை என்பன மகளிர்க்குமான விடுதிகளாக அந்நாளில் விளங்கின. ஒவ்வொரு விடுதிக்கும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளர். வீட்டிலே அரிக்கன் விளக்கை நான்கு பிள்ளைகளோடு பங்கிட்டுப் படித்தவனுக்கு, மேசையும் மின்விளக்கும் கிடைப்பது சிறு பேறன்று. அதனினும் பெரிது, இராப்போசனத்தின் பின் மூத்த மாணவர் பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு. எந்த நூலை முதலிற் படிப்பது, விடையை எவ்வாறு தொடங்குவது என்பவற்றையெல்லாம் விரிவுரை மண்டபம் சொல்லித் தருவதில்லை.

இதன் சிறந்த விளைவைத் தமிழ் நாடகத்திலே காணலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மாணவரைக் கொண்டு நாட்டுக்கூத்தைப் புதுக்கி மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. பின்னர் 'இராவணேசன்' வந்தது. மட்டக்களப்பிலிருந்து சென்ற மாணவர் சி. மௌனகுரு அவற்றில் ஆடினார். கிழக்கு மாகாணத்துக் களரிகளில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழக மாணவனுக்கு நாணத்தக்க பொருளாகாமற் பெருமைப் பொருளாயிற்று. ஒரே வளாகத்தில் உறைந்தமையாலேதான் நாள்தோறும் மாலையில் ஒத்திகைக்குக் கூட முடிந்தது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த இராவணேசன் அயலானாக இருந்திருக்க மாட்டான்.

ஆயினும் கூடி உறைவதால் மட்டும் உறவு உண்டாகிவிடாது. 1960 முதல் கலைப்பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் போதிக்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயமான நன்மையே. ஆனால் முன்னர் எல்லோரையும் ஒரு மேசையில் இணைத்த ஆங்கிலம் விலக, அதனிடத்தை நிரப்ப எம்மொழியும் வரவில்லை. மாணவர் தொகை பெருகவே அறைகள் நெருங்கின. அனைவர்க்கும் வதிவிடம் என்ற கொள்கையும் தளர்ந்தது. பகிடிவதை வேறு புகுந்தது. 1997இல் பேராதனைத் தமிழ் மாணவன் ஒருவன் அதனால் உயிரிழக்க, அடுத்த ஆண்டு அதனைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1983 மே மாதத்திலோ, தமிழ் மாணவர் தம் விடுதிகளிலேயே தாக்கப்பட்டு, அங்கிருந்து விரட்டப்பட்டனர். சொந்த அறையிலிருந்தே துரத்தப்பட்டவன், அதன் பின் அந்நிறுவனத்தை எவ்வாறு தன்னுடையதென்பான்?

கிழக்கிலே கல்விக்கூடம் வேண்டுமென்ற கோரிக்கைக்கு இத்தகைய காலமே வலுவூட்டியது. வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியிலே, கோணேசபுரியில் அமைந்துள்ளது. இன்று பயணம் திசை மாறியிருக்கிறது. தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் தமிழ் மாணவரும் பெட்டியோடு வந்து இத்துறைமுகப் பட்டினத்தில் இறங்குகின்றனர். கடற்காற்றும் உப்புநீர்க் கிணறும் அவர்களுக்குப் புதியவை. இரவு உணவின் பின் அவர்கள் ஒருவரோடொருவர் எம்மொழியிற் பேசிக்கொள்கின்றனர் என்பதைக் கோணேசபுரி விடுதிப் பொறுப்பாளர்கள் நாள்தோறும் கவனித்தல் வேண்டும்; பேராதனையிலே அது கவனிக்கப்படாது போயிற்று.