பறக்கும்போது சின்ன விமானத்தின் இன்ஜின் மக்கர் செய்தால்... பைலட் என்ன செய்வார்?

2025 நவம்பர் 13. திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் அருகே ஒரு குட்டி விமானம் ரோட்டிலேயே வந்து இறங்கியது. சேலத்தில் இருந்து கிளம்பிய பயிற்சி விமானம் அது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லப்பட்டது. உள்ளே இருந்த 2 பேரும் உயிர் தப்பினர். படங்களைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி: வானத்தில் இன்ஜின் நின்றுபோனால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா?

விழாது. ஏன் என்று பார்க்கலாம்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது கொஞ்சம் நெருக்கமான விஷயம். டவுன்ஷிப்பை ஒட்டியே என்எல்சி-யின் ரன்வே இருக்கிறது. 2017-ல் உதான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலி பெயர் வந்தது. ஆனால் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். உதானில் பேசப்படும் 19 சீட் விமானங்கள் பெரும்பாலும் டர்பைன் வகை. இங்கே நாம் பார்ப்பது பிஸ்டன் இன்ஜின். செஸ்னா 152, 172 போன்ற பயிற்சி விமானங்களில் இருப்பது. அடிப்படையில் உங்கள் வீட்டு பைக், காரின் சொந்தக்காரர்தான்.

பைக் நின்றால் மெக்கானிக் என்ன பார்ப்பார்? பெட்ரோல் வருதா, காற்று வருதா, ஸ்பார்க் வருதா. இங்கேயும் அதேதான்.

ஸ்பார்க்: எல்லாமே ரெண்டு ரெண்டு

செஸ்னா 172-ல் 4 சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் 2 பிளக், ஆக மொத்தம் 8. அவற்றுக்கு மின்சாரம் தருவது மேக்னெட்டோ, அதுவும் 2. இன்ஜின் சுற்றும்போதே மின்சாரம் உண்டாகிவிடும் என்பதால் பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும்.

டேக்-ஆஃபுக்கு முன் பைலட் ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பார். 172 எஸ் மாடலில் 1,800 ஆர்பிஎம்-ல் வைத்து, ஒன்றை அணைத்தால் வேகம் கொஞ்சம் குறைய வேண்டும். 150-க்கு மேல் குறையக்கூடாது. இன்ஜின் ரொம்ப உதறினால் பெரும்பாலும் பிளக்கில் ஈயப் படிவு. விமானப் பெட்ரோலில் இன்றும் ஈயம் உண்டு. மிக்சரில் பெட்ரோல் அளவைக் குறைத்து சற்று நேரம் ஓடவிட்டால் படிவு எரிந்துவிடும். எரியவில்லையா, ஷெட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வேகம் குறையவே இல்லை என்றால் சந்தோஷப்படக்கூடாது. ஒரு மேக்னெட்டோ அணையவே மாட்டேன் என்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் அதில் உயிர் இருக்கும். தரையில் நிற்கும் விமானத்தின் புரொப்பல்லரை யாராவது கையால் சும்மா திருப்பினால்கூட இன்ஜின் பற்றிக்கொள்ளும். ஆளையே வெட்டிவிடும். நிற்கும் விமானத்தின் முன்னால் போய் செல்ஃபி எடுக்காதீங்க என்று சொல்வது இதனால்தான்.

நெய்வேலி புழுக்கத்தில் ஐஸ் கட்டுமா?

கட்டும். நம்புவதற்குக் கஷ்டமான விஷயம் இதுதான்.

பழைய மாடல்களில் கார்புரேட்டர் உண்டு. பெட்ரோல் அதில் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கும் மேல் இறங்கலாம். வெளியே 25 டிகிரி, காற்றில் ஈரப்பதம் அதிகம் என்றால் கார்புரேட்டர் தொண்டையில் ஐஸ் படியும், காற்று போகும் வழி அடைபடும். 38 டிகிரி வெயிலில்கூட இது நடக்க வாய்ப்புண்டு என்கிறது அமெரிக்க விமானத் துறையின் பாடநூல். ஆகவே கடலூர் மாவட்டத்தின் ஈரக் காற்றில், குறிப்பாக மழைக்காலத்தில், இதை ஒதுக்கிவிட முடியாது.

அறிகுறி மெதுவாக வரும். பைலட் எதையும் தொடாமலே ஆர்பிஎம் குறையும். உடனே கார்ப் ஹீட் என்ற கைப்பிடியை முழுசாக இழுக்க வேண்டும். சூடான காற்று உள்ளே போகும். அப்போது இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். உருகிய ஐஸ் தண்ணீராக சிலிண்டருக்குள் போவதுதான் காரணம். புதுசாகப் படிக்கிற பலர் பயந்துபோய் இங்கேதான் கைப்பிடியைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ளக்கூடாது. கொஞ்சம் பொறுத்தால் சத்தம் சீராகும். புதிய இன்ஜெக்‌ஷன் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடம்பிடிக்கும்.

பெட்ரோலில் தண்ணீர்

ஈரக் காற்று டேங்கின் உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். அது பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். பறக்கும் முன் டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது இதற்காக. நல்ல பெட்ரோல் நீல நிறம். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். நிறமே இல்லையென்றால் ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்களோ என்றும் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில் பிரஷர் இறங்கி, ஆயில் சூடும் ஏறினால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. பக்கத்து ரன்வேயில் இறங்கிவிட வேண்டும்.

சரி, நின்றே போச்சு. இப்போ?

முதல் வேலை வேகம். 172 எஸ்-க்கு 68 நாட், அதாவது மணிக்கு சுமார் 126 கி.மீ. அந்த வேகத்தைப் பிடித்தால் 1,000 அடி உயரத்தில் இருந்து, காற்று இல்லாதபோது, சுமார் 2.7 கி.மீ. மிதந்து போகலாம். அடுத்து இறங்க இடம். அதன் பிறகுதான் ரீஸ்டார்ட்: டேங்க் செலக்டர் இரண்டு டேங்குக்கும் திறந்திருக்கா, பம்ப் ஆன், மிக்சர் முழுசாக உள்ளே, மேக்னெட்டோ இரண்டும் ஆன். பைக்கில் ரிசர்வுக்குத் திருப்ப மறந்த கதை விமானத்திலும் நடக்கும். ஒரு டேங்க் காலி, இன்னொன்றில் பெட்ரோல் இருக்கும்.

டேக்-ஆஃப் ஆன உடனே இன்ஜின் நின்றால், ரன்வேக்குத் திரும்ப முயலக்கூடாது என்பது பயிற்சியின் கண்டிப்பான பாடம். தாழ்வான உயரத்தில் வளைந்தால் வேகம் போய், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். நேராகவே, கொஞ்சம் இடம் வலம் பார்த்து இறங்க வேண்டும்.

நெய்வேலி மேலே இது நடந்தால்? சுரங்கப் பள்ளமும் மண் மேடுகளும் சரிப்படாது. அனல்மின் நிலையங்களில் இருந்து கிளம்பும் உயர் அழுத்த மின்கம்பிகள்தான் பெரிய ஆபத்து. மேலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது, டவர்தான் தெரியும். இரண்டு டவருக்கு நடுவே கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முந்திரித் தோப்பைவிட அறுவடை முடிந்த காய்ந்த வயல் நல்லது. காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று தேட வேண்டியதில்லை, புகைபோக்கிப் புகையே காட்டிக்கொடுக்கும். அதற்கு எதிராக இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும்.

தொடும் முன் பெட்ரோலை அடைத்து, மின்சாரத்தை அணைத்து, கதவை லேசாகத் திறந்து வைப்பார்கள். இறங்கும் அதிர்ச்சியில் சட்டம் வளைந்து கதவு சிக்கிக்கொள்ளாமல் இருக்க.