ஆறு பிட்டுக்குள் அடங்காத ஏழு ஆட்டங்கள்

இன்றைய எபிசோட் ஹாக்கி பற்றி. ஹாக்கி என்றதும் எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் ஞாபகம் வந்தால், அதைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. நாம் பேசப்போவது பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கி. காலில் ஸ்கேட், பந்துக்குப் பதிலா பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. எதிராளியைத் தோளால் இடித்துத் தள்ளுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

அந்த ஆட்டத்தை வைத்து 1993-ல் ஒரு வீடியோ கேம் வந்தது. பெயர் என்எச்எல் '94. அடுத்த வருஷமே, 1994-ல், நிஜ ஐஸ் ஹாக்கியில் ஒரு இறுதித் தொடர் நடந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸும் வான்கூவர் கனக்ஸும் மோதின, ஏழு ஆட்டம். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரு கேள்வி வரும். ஒரு சாம்பியன்ஷிப் தொடரின் பரபரப்பு எங்கே இருக்கு? புரோகிராமில் எழுதிவிடக்கூடிய விஷயமா அது?

முதல்ல கேமோட கதை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 1991-ல் செகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு முதல் ஹாக்கி கேமை வெளியிட்டது. அதில் என்எச்எல் லீகின் அணிகள் நிஜப் பெயரோடு இருந்தன. ஆனால் வீரர்களுக்குப் பெயர் கிடையாது, ஜெர்சி நம்பர் மட்டும்தான். காரணம் எளிது. அணிப் பெயரும் லோகோவும் லீகுக்குச் சொந்தம், வீரர்களின் பெயர்களுக்கு அனுமதி தருவது வீரர்கள் சங்கம். இரண்டு பேரிடமும் தனித்தனியா கையெழுத்து வாங்கணும்.

அடுத்த வருஷம் அப்படியே உல்டா. 1992-ல் வந்த பதிப்பில் சங்கத்தின் அனுமதி இருந்தது, லீகின் அனுமதி இல்லை. எல்லா வீரர்களுக்கும் பெயர் வந்தது, அணிகள் வெறும் ஊர்ப் பெயராகிவிட்டன. மூன்றாவது வருஷம், அதாவது '94 பதிப்பில்தான், இரண்டு கையெழுத்தும் ஒன்றாகக் கிடைத்தது. நிஜ அணியில் நிஜ வீரன்.

அதற்கு ஒரு விலை இருந்தது. முந்தைய இரண்டு பதிப்புகளிலும் வீரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டை போடலாம். '93 பதிப்பில் அடிபட்டு விழுந்தவன் தலையிலிருந்து ரத்தம்கூட வழியும். லீக் அதை விரும்பவில்லை. '94-ல் சண்டை காணாமல் போனது. நிஜ மைதானத்தில் சண்டை தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது, டிவியில் நேரலையாகவே காட்டினார்கள். கேமில் மட்டும் இல்லை. 1996-ல் வந்த ஸ்விங்கர்ஸ் படத்தில் நண்பர்கள் சோபாவில் உட்கார்ந்து பழைய பதிப்பை ஆடிக்கொண்டே இந்தச் சண்டை விவகாரத்தைப் பற்றிப் புலம்புவார்கள். ரசிகர்களுக்கு அந்த அளவுக்கு வருத்தம்.

ஆனால் சண்டை போன இடத்துக்கு வேறு விஷயங்கள் வந்தன. முக்கியமா மூன்று. ஒன்று, ஒன் டைமர். பாஸ் வருகிற வேகத்திலேயே, பக்கை நிறுத்தாமல், கோலை நோக்கி அடிப்பது. இரண்டு, பெனால்ட்டி ஷாட். தனியாக கோலை நோக்கிப் போகும் வீரனை எதிரணி பின்னாலிருந்து விதிமீறித் தடுத்தால், அவனுக்கு ஒரு வாய்ப்பு தருவார்கள். அவனும் கோல் கீப்பரும் மட்டும், நடுவில் யாரும் இல்லை. மூன்று, கோல் கீப்பரை நாமே இயக்கும் வசதி. இந்த மூன்றும் பின்னால் வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம தொழில்காரர்களுக்காக ஒரு தகவல். ஜெனிசிஸுக்கான '94 பதிப்பை எழுதிய புரோகிராமர் மார்க் லெஸ்ஸர். 1970-களில் மேட்டெல் கம்பெனியின் ஆட்டோ ரேஸ் என்ற கையடக்க கேமை வெறும் 512 பைட்டுக்குள் எழுதி முடித்த ஆள். ஜெனிசிஸில் அவருக்குக் கிடைத்தது 64 கேபி வேலை மெமரி. இன்று நம் போனில் எடுக்கும் ஒரு செல்ஃபிகூட அதற்குள் அடங்காது.

அந்த புரோகிராமில் ஒரு புகழ்பெற்ற பக் உண்டு. ரப்பர் வட்டு இல்லை, நம்ம ஊர் ஐடி கம்பெனி பக். இடித்துத் தள்ளும்போது எடைக் கணக்கு தலைகீழாக வேலை செய்யும். நியாயமா கனமான ஆள்தானே ஒல்லியான ஆளைச் சாய்க்கணும்? இதில் ஒல்லியான ஆள் கனமானவனைச் சாய்ப்பான். கால்கரி அணியின் தியோ ஃப்ளூரி 5 அடி 6 அங்குலம்தான். இந்த கேமில் மலை மாதிரி டிஃபெண்டர்கள் அவர் இடித்ததும் உருண்டு விழுவார்கள். ஆடிப் பழகியவர்கள் அதைக் குறையாகப் பார்க்கவில்லை, வியூகமாக மாற்றிக்கொண்டார்கள்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். இந்த மாதிரி கேமில் ஒவ்வொரு வீரனும் ஒரு வரிசை எண்கள்தான். வேகம் இவ்வளவு, ஷாட் இவ்வளவு, பாஸ் இவ்வளவு. அந்த எண்கள் முடிந்துபோன சீசனைப் பார்த்து எழுதப்பட்டவை. 1993-ல் கார்ட்ரிட்ஜில் பதிந்த அட்டவணை 1992-93 சீசனின் புகைப்படம் மாதிரி. அந்த சீசனில் ரேஞ்சர்ஸ் பிளே ஆஃபுக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

அடுத்த சீசனில் அதே ரேஞ்சர்ஸ் 112 புள்ளிகளோடு லீகிலேயே முதலிடம். மார்ச் 1994-ல் வர்த்தகக் கெடு முடியும் நாளில் அணியையே கலைத்து அடுக்கினார்கள். சிகாகோவிலிருந்து ஸ்டெஃபான் மத்தோ வந்தார். இரண்டு மாதம் கழித்து, நியூ ஜெர்சிக்கு எதிரான அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டாவது ஓவர்டைமில் கோல் அடித்து ரேஞ்சர்ஸை இறுதிக்குக் கொண்டுபோனது அவர்தான். கேம் வெளிவந்தபோது அவர் சிகாகோ ஆள். அட்டவணைக்கு இது எதுவும் தெரியாது.

எதிர்ப்பக்கம் வான்கூவர். மேற்குப் பிரிவில் 7-வது இடம், 85 புள்ளிகள். முதல் சுற்றிலேயே கால்கரியிடம் 1-3 என்று பின்தங்கினார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களையும் ஓவர்டைமில் ஜெயித்தார்கள். கடைசியில் அடித்தது பாவெல் புரே.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இரண்டு அணிகளும் சமம் என்று வைத்துக்கொண்டால், 1-3 நிலையிலிருந்து தொடரை ஜெயிக்க மூன்று நாணயச் சுண்டலும் உங்கள் பக்கமே விழணும். எட்டில் ஒரு வாய்ப்பு. அதை ஒரு தடவை செய்துவிட்டுத்தான் வான்கூவர் இறுதிக்கே வருகிறது.

ரேஞ்சர்ஸ் தோளில் வேறு பாரம். அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது 1940-ல். எதிரணி ரசிகர்கள் மைதானத்தில் அந்த வருஷத்தையே கோஷமாகப் போட்டுக் கேலி செய்வார்கள். 54 வருஷக் காத்திருப்பை ஒரே ஒரு எண்ணை வைத்துக் கிண்டல் பண்ணியிருக்காங்க!

மே 31, முதல் ஆட்டம், நியூயார்க். வான்கூவர் கோல் கீப்பர் கிர்க் மெக்லீன் 52 ஷாட்களைத் தடுத்தார். ஓவர்டைமில் வான்கூவர் 3-2. அடுத்த இரண்டும் ரேஞ்சர்ஸுக்கு, 3-1, 5-1.

நான்காவது ஆட்டம், ஜூன் 7. வான்கூவர் 2-1 என முன்னிலை. அப்போது புரேவுக்கு ஒரு பெனால்ட்டி ஷாட். அந்தக் காலத்தின் மிக வேகமான வீரர்களில் ஒருவர், எதிரே மைக் ரிக்டர், நடுவில் யாரும் இல்லை. முந்தைய இலையுதிர் காலத்தில்தான் கேமுக்குள் சேர்த்த அதே காட்சி, இப்போ நிஜத்தில். கோல் விழுந்தால் 3-1, தொடர் சமமாக வாய்ப்பு. ரிக்டர் காலை நீட்டித் தடுத்தார். ரேஞ்சர்ஸ் 4-2 என ஜெயித்தது. தொடர் 3-1.

மறுபடியும் வான்கூவர் அதே இடத்தில் நிற்கிறது. எட்டில் ஒன்று.

ஐந்தாவது ஆட்டத்துக்கு நியூயார்க் கொண்டாடத் தயாராக வந்தது. வான்கூவர் 3-0 எடுத்தது, ரேஞ்சர்ஸ் 3-3 ஆக்கியது, வான்கூவர் மறுபடி மூன்று அடித்து 6-3. ஆறாவது ஆட்டம் 4-1, அதுவும் வான்கூவர். தொடர் 3-3.

ஜூன் 14, மேடிசன் ஸ்கொயர் கார்டன். லீட்ச், கிரேவ்ஸ் ஆளுக்கு ஒன்று அடித்து ரேஞ்சர்ஸ் 2-0. வான்கூவர் கேப்டன் ட்ரெவர் லிண்டன் ஒன்று திருப்பினார். ரேஞ்சர்ஸ் கேப்டன் மார்க் மெஸ்ஸியே மூன்றாவதை அடித்தார். லிண்டன் மீண்டும் ஒன்று, 3-2. கடைசி நிமிடங்களில் வான்கூவரின் நேதன் லஃபயெட் அடித்த ஷாட் கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. சில அங்குலம் உள்ளே போயிருந்தால் ஆட்டம் சமன். போகவில்லை. 54 வருஷக் காத்திருப்பு அன்றோடு முடிந்தது. அதே இரவு வான்கூவர் தெருக்களில் கலவரம் வெடித்தது.

சரி, இப்போ ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. என்எச்எல் '94-லும் ஏழு ஆட்டத் தொடர் உண்டு. மெனுவில் தேர்ந்தெடுத்து ஆடலாம். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே தொடரைத் தொடர இயந்திரம் எதை ஞாபகம் வைத்தால் போதும்? இந்த அணி எத்தனை வெற்றி, அந்த அணி எத்தனை வெற்றி. பூஜ்யம் முதல் நான்கு வரை. அணிக்கு மூன்று பிட், மொத்தம் ஆறு பிட். அவ்வளவுதான்.

ரிக்டர் தடுத்த அந்த ஷாட்டுக்குப் பிறகு புரே மனதில் என்ன ஓடியது என்பது அந்த ஆறு பிட்டில் இல்லை. 3-1 முன்னிலையில் இருக்கும் ஆள் நாளைக்குப் பதற்றமாக ஆடுவான் என்பதும் இல்லை. கேமை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கு. அதனால்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வீரர்களின் எண்களைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினார்கள். இன்று ஒருவன் நல்ல ஃபார்மில், இன்னொருவன் மந்தம். ஆனால் அது தாயக்கட்டை உருட்டல். நேற்று நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏழு ஆட்டம் ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டால் வழக்கமான பதில், நல்ல அணி ஜெயிக்கணும் என்பது. கணக்கும் ஓரளவு அதைத்தான் சொல்கிறது. ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு, ஏழு ஆட்டத் தொடரில் சுமார் 71 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனி நாணயச் சுண்டலாக எடுத்துக்கொள்கிறது. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. மனுஷனுக்கு உண்டு.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நானும் என் ரூம்மேட்டும் ஒரு பழைய ஜெனிசிஸ் கன்சோலை வாங்கி, 1994 இறுதித் தொடரைத் திரும்ப ஆடினோம். நான் வான்கூவர், அவன் ரேஞ்சர்ஸ். இந்த கேமில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் ஒரு வித்தை இருக்கு. பக்கை எடுத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் குறுக்கே வழுக்கிப் போய், கீப்பர் நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் தட்டிவிடுவது. முதல் இரண்டு ஆட்டம் அதை வைத்தே ஜெயித்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அவன் கோல் கீப்பரைத் தன் கையில் எடுத்தான். நான் குறுக்கே வரும்வரை அசையாமல் நின்றான். "மச்சி, நீ வருவேன்னு தெரியும்டா" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னான். அதற்கப்புறம் நான் ஒன் டைமருக்கு மாறினேன், அவன் அதையும் படித்துவிட்டான். அவன் 4-2 என ஜெயித்தான்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை ஆறு ஆட்டமும் ஒரே அட்டவணை, ஒரே விதி, ஒரே பக். மாறினது நாங்க ரெண்டு பேர்தான். மூன்றாவது ஆட்டத்துக்குள் முதல் இரண்டு ஆட்டமும் இருந்தன. அதை கார்ட்ரிட்ஜ் சேமிக்கவில்லை, அவன் மண்டையில் இருந்தது.

இந்த கேம் ஏன் இன்னும் சாகவில்லை என்பதற்கும் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். லீக் 2018-ல் அப்போதைய புதுப் பதிப்பை வைத்து அதிகாரபூர்வ உலகப் போட்டியே நடத்தியது. லாஸ் வேகஸ் இறுதியில் பின்லாந்தின் எக்கி ஜெயித்தார். கிராஃபிக்ஸ், அனிமேஷன் எல்லாம் வேற லெவல். அதே சமயம் '94-க்கு இன்றும் ஆன்லைன் லீகுகள் நடக்கின்றன. ரசிகர்களே புதிய சீசன் வீரர்களின் எண்களை உள்ளே ஏற்றி ஆடுகிறார்கள். 2020-ல் கம்பெனியே பழைய ஆட்டத்தைப் புது அணிகளோடு மறுபடி வெளியிட்டது. 30 வருஷமாக எல்லோருக்கும் அதன் எல்லா வித்தையும் தெரியும், எடை பக் உட்பட. மறைக்க ஒன்றுமில்லாத ஆட்டத்தில் மிச்சம் இருக்கும் ஒரே ரகசியம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்.

அதனால், அடுத்த தடவை ஃபிஃபாவோ வேற எதுவோ நண்பனோடு ஆடும்போது ஒரு மேட்சோடு நிறுத்தாதீங்க. ஏழு ஆட்டத் தொடர் வையுங்க. நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்க. அந்த ஒரு நாளில் உங்க தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு கவனிங்க. 1994 ஜூன் 11 ராத்திரி, தொடர் 3-3 ஆன பிறகு, இரண்டு நகரங்கள் ஏன் தூங்கியிருக்காது என்று உங்களுக்கே புரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.