டாலி ஆனால் போதுமா?

ஊரில் அப்பா குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கிறார். லேப் ரிப்போர்ட்டில் வேறு அளவு. "எதைடா நம்புறது?" என்று பெங்களூருக்கு ஃபோன் வருகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு.

இரண்டு அளவு முறைகளை ஒப்பிட, ஒட்டுறவுக் கெழுவைப் போட்டு, அது 1-ஐ நெருங்கினால் "இரண்டும் ஒன்றுதான்" என்று முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. அது தவறு என்று 1986-ல் 'லான்செட்' இதழில் காட்டினார்கள் இங்கிலாந்தின் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும். 17 பேர் மூச்சை ஊதும் வேகத்தை இரண்டு கருவிகளில் அளந்தார்கள். கெழு 0.94! சராசரி வித்தியாசம் நிமிடத்துக்கு வெறும் 2 லிட்டர். ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால், ஒரு கருவி மற்றதைவிட 80 லிட்டர் குறைத்தும் காட்டலாம், 76 லிட்டர் கூட்டியும் காட்டலாம்.

பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகும். உள்ளே ஈடுசெய் பிழைகள் ஒளிந்திருக்கும். அதனால்தான் நாங்கள் வங்கியில் ஒவ்வொரு கணக்காகப் பார்க்கிறோம். அவர்கள் இருவரும் சொன்னதும் அதுதான்: ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் பாருங்கள்.

குளுக்கோமீட்டருக்கான 2013-ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ விதியும் இப்படித்தான். லேப் அளவு 100 அல்லது அதற்கு மேல் என்றால், நூற்றுக்கு 95 முடிவுகளாவது 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது லேபில் 200 என்றால் மீட்டரில் 170-ம் சரி, 230-ம் சரி.

வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் இரண்டிலும் பார்த்தும் இதைத் தாண்டினால், அப்பா தானாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்காமல் டாக்டரைக் கேட்கட்டும்.