எலும்பும் உலோகமும் உறவான கதை

கொண்டாப்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவரோ செயற்கைப் பல்வேர் பதித்துக்கொண்டவரோ ஒருவராவது சொந்தபந்தத்தில் இருப்பார். "உள்ளே வச்ச இரும்பு எலும்போட ஒட்டுமா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அறிவியலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் கேட்டு வருகிறது.

உடலுக்குள் வைக்கும் பொருள் தொந்தரவு செய்யாமல் சும்மா கிடந்தால் போதும் என்றே முன்பு நினைத்தார்கள். 1952-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரானேமார்க், இரத்த ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு டைட்டேனியப் பல்வேர் பதித்தார். ஆனாலும் 1982-இல் நடந்த டொராண்டோ மாநாட்டுக்குப் பிறகே உலகம் பரவலாக ஒப்புக்கொண்டது.

எப்படி ஒட்டுகிறது? காற்றுப் பட்டதும் டைட்டேனியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டாகிறது. உடலுக்குள் போனதும் அதன்மேல் இரத்தப் புரதங்கள் படிகின்றன. எலும்புச் செல் கால் ஊன்றுவது அந்தப் புரத விரிப்பில்தான். கால் ஊன்றிய விதம் செல்லின் உட்கருவரை செய்தியாகப் போகிறது; எந்த மரபணு விழிப்பது, எது உறங்குவது என்பதை அதுவும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

1990-களின் ஆய்வகங்களில் ஒரு விந்தை தெரிந்தது. வழவழப்பான பரப்பில் செல்கள் மளமளவென்று பெருகின. சொரசொரப்பான பரப்பில் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் எலும்பு கட்டும் வேலை கூடியது, ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதமும் அதிகம் சுரந்தது. எலும்புச் செல் உருவாக இன்றியமையாத தலைமை மரபணுவான ரன்எக்ஸ்2-இன் பங்கு 1997-இல் தெளிவாயிற்று. 2007-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், 120 நானோமீட்டர் அகலக் குழிகளைச் சற்றே வரிசை தப்பி அமைத்த பிளாஸ்டிக் பரப்பில் குருத்தணுக்களை வளர்த்தார்கள். எலும்பாக மாறத் தூண்டும் மருந்து எதுவும் சேர்க்காமலே அவை எலும்புத் தாதுவை உண்டாக்கின!

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரைகளின் கறுப்பு மணல் டைட்டேனியத் தாது நிறைந்தது. அந்த மணல் திருவிதாங்கூர் காலத்திலேயே வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. உலோகமாக்கும் வித்தைதான் நம்மிடம் இல்லை. அந்தத் தொழில்நுட்பத்தை நம் ஹைதராபாதின் மறுகோடியில், கஞ்சன்பாக்கிலுள்ள டி.எம்.ஆர்.எல். ஆய்வுக்கூடம் உருவாக்கித் தந்தது. அதைக் கொண்டு 2011-இல் சவராவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலை எழுந்தது. 1973-இல் தொடங்கிய மிதானி நிறுவனமும் அதே கஞ்சன்பாக்கில்தான் டைட்டேனியக் கலப்பு உலோகங்களைச் செய்கிறது. எலும்புக்கான பொருத்துகளும் அவற்றில் அடக்கம்.

உலோகம் கைக்கு வந்தாயிற்று. ஆனால் பொருத்து தளர்ந்தால் மறுபடி கத்திதான். செலவும் வலியும் அந்த முதியவருக்குத்தான். அதைத் தடுக்கும் சூட்சுமம் உலோகத்தின் மேல்தோலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் கற்றுத் தேர வேண்டிய கலை அது.