முள்ளெலித் தலையும் முல்லைக்கொடியும்

சொற்கள் நாடு விட்டு நாடு பெயர்வன. பெயரும் வழியில் பழம்பொருள் சிலவற்றை உதிர்த்துப் புதுப்பொருள் சிலவற்றை ஏற்பன. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேப்ரிஸ்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. முன்பின் எண்ணாது திடுமென எழும் மனவெழுச்சியே இன்று அதன் பொருள். பிரெஞ்சு மொழி வழியே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்த இச்சொல்லின் பிறப்பிடம் இத்தாலி. ஆங்கே 'கப்ரிச்சோ' என்பது முதற்கண் அச்சத்தால் உண்டாகும் நடுக்கத்தைக் குறித்தது. 'கப்போ' என்றால் தலை. 'ரிச்சோ' என்றால் முள்ளெலி. முள்ளெலியின் முட்களைப் போலத் தலைமயிர் குத்திட்டு நிற்கும் நிலையே இச்சொல்லின் கரு என்பர் சொல்லாய்வாளர். பின்னாளில், ஆட்டைக் குறிக்கும் 'காப்ரா' என்னும் சொல்லோடு கொண்ட ஒலியொப்புமையால், துள்ளல் என்னும் சாயலும் இதன்மேல் ஏறிற்று.

கல்வராயன் மலைச்சரிவில் ஆடு மேய்ப்போர்க்கு இச்சாயல் எளிதில் விளங்கும். அமைதியாக மேய்ந்து நின்ற குட்டி காரணமின்றித் துள்ளிப் பாறைமேல் ஏறுவதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். கலைஞர்களும் இச்சொல்லை விரும்பி ஏற்றனர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 அச்சுப்படங்களும், இத்தாலிய இசைமேதை பகனீனி 1820இல் வெளியிட்ட 24 வயலின் உருப்படிகளும் இப்பெயரையே தாங்கின. எனினும் ஆள்வோரின் மனம்போன போக்கைச் சுட்டுங்கால் இச்சொல் பழிச்சொல்லாகவே நின்றது.

தமிழ் இவ்வுணர்வை வேறொரு வாயிலால் அணுகியது. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தேரீந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். கொடிக்குத் தேர் எதற்கு? மயில் போர்வையை உடுத்துமோ? அறிவு இவ்வாறு வினவுமுன் கை கொடுத்துவிட்டது. இச்செயலுக்குப் பரணர் புறநானூற்றில் வைத்த பெயர் கொடைமடம். மடம் என்பது அறியாமை. அறியாமை என்று ஒப்புக்கொண்டே அதனைப் புகழாக்கியது தமிழ். பெருமிதம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் கொடையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தது ஈண்டு நினையத்தக்கது.

அங்ஙனமாயின், திடுமென எழும் எழுச்சி யாவும் சிறப்புடையதோ? இவ்வினாவுக்கு விடை கள்ளக்குறிச்சி மண்ணிலேயே கிடைக்கின்றது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. மறுபுறம் பெண்ணையாற்றின் கரையில் திருக்கோவலூர். அது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். பாரியின் உயிர்த்தோழராகிய கபிலர் காரியையும் பாடினார். நாட்காலையில் கள்ளுண்டு மகிழ்ந்திருக்கையில் தேர் ஈதல் எவர்க்கும் எளிது. கள்ளுண்ணாத பொழுதும் காரி வழங்கிய தேர்களோ முள்ளூர் மலையில் பெய்த மழைத்துளிகளினும் பல என்பது அவர் பாட்டின் கருத்து. மயக்கத்தில் பிறக்கும் எழுச்சி வேறு, இயல்பில் ஊறும் ஈரம் வேறு என்று புலவர் பகுத்துக் காட்டினார். மற்றொரு பாட்டில் அக்காரியையே அவர் இடித்துரைக்கின்றார்: மிகுதியாகக் கொடுத்தல் எளிது, புலவரின் தரமறிந்து கொடுத்தலே அரிது, ஆதலின் எல்லாப் புலவரையும் ஒரு நிகராக நோக்குதலை ஒழிக என்பது அதன் சாரம். பரிசில் பெற வந்தவர் வள்ளலின் கொடையையே அளந்து பார்த்த துணிவு இது.

அத்தகைய கபிலர் பாரியின் கொடைமடத்தை மட்டும் குறைகூறவில்லை. மூவேந்தர் பகைமையால் பாரி மாய்ந்தபின், அவன் மகளிர் இருவரையும் மணம்கொள்ள வேண்டி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார் அவர். மகளிர்க்கு நாடில்லை, தந்தையில்லை. அவர்களை அறிமுகம் செய்யக் கபிலர் எடுத்துரைத்த பெருமை, முல்லைக்குத் தேர் ஈந்தவன் மகளிர் என்பதே. நாத்தழும்பேறப் பாடிப் பரிசில் கேட்க முல்லைக்குத் தெரியாது என்பதை விச்சிக்கோன் முன் நினைவூட்டினார். புகழ்ந்து பாடும் புலவர்க்கு ஈதலில் கைம்மாறு உண்டு. பேசாத கொடிக்கு ஈதலில் அது இல்லை. ஒரு கணத்து எழுச்சி தலைமுறை கடந்து, அம்மகளிரின் ஒரே சீர்வரிசையாயிற்று.

ஆயினும் அவ்விரு மன்னரும் இசையவில்லை. எண்ணிப் பார்த்து மறுத்தனர் போலும். முடிவில் பாரி மகளை மலையர்க்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகின்றது. வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு உரைக்கின்றது. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்று அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றது.

'கப்ரிச்சோ' தோன்றிய காலத்தில் புறத்தே ஒன்றைக் கண்டு மெய் நடுங்குதலைக் குறித்தது. காலப்போக்கில் தன் மனத்தின் துள்ளலை மட்டுமே குறிப்பதாயிற்று. கொடைமடமோ தன் முதற்பொருளை இழக்கவில்லை. பிறிதோர் உயிரின் தவிப்பைக் கண்டவிடத்துச் சிலிர்க்கும் சிலிர்ப்பு அது. கவிதையும் திடுமென எழுவதே. அவ்வெழுச்சி கள்ளின் மகிழ்ச்சியில் பிறந்ததோ, முல்லையின் தவிப்பில் பிறந்ததோ என்று கேட்கும் அளவுகோலைக் கபிலர் இந்த ஆற்றங்கரையிலேயே விட்டுச் சென்றிருக்கின்றார்.