இலுப்பூருக்குக் கேபிள் வந்த வருஷம்: 1993 பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் இலுப்பூர் வீட்டு மாடியில் ஒழுக்கு அடைக்கும் வேலை நடந்தது. மூலையில் நின்ற இருபதடி இரும்புக் குழாயைக் காட்டி, "இத என்ன செய்ய?" என்று கொத்தனார் கேட்டார். உச்சியில் இரண்டு அலுமினியக் குச்சிகள்தான் மிச்சம். அம்மா துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை அதில் கட்டியிருந்தது. டிவி ஆன்டெனா என்றேன். சித்தாளாக வந்திருந்த பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒயரு எங்கேருந்து வரும்?" என்றான். எங்கிருந்தும் வராது, காத்துல வரும் என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று இரவு அப்பாவின் பழைய டைரிகளைத் தேடினேன். வரவு செலவைத் தவிர வேறெதுவும் எழுதாத மனுஷர். 1993 நவம்பரில், தீபாவளிக்கு அடுத்த வாரம், பால் கணக்குக்கும் பேப்பர் கணக்குக்கும் நடுவே ஒரு புது வரி: "கேபிள் - 40." எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த வருஷத்தின் வரலாறு இந்த ஒரு வரிதான். ஆனால் அது வருவதற்கு முன்னால் ஹாங்காங், டில்லி, கல்கத்தா என்று எங்கெங்கோ என்னென்னவோ நடந்திருக்கிறது.

முதலில் அந்தக் குழாய். சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். அதன் அலை சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது, தேசிய நிகழ்ச்சி வந்தது, அதன்பிறகு நாடெங்கும் மளமளவென்று அலைபரப்பிகள் முளைத்தன. எங்களுக்கு விடிந்தது 1980-களின் பின்பாதியில், கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி அலைபரப்பி வந்த பிறகு. இலுப்பூரிலிருந்து அது நேர்க்கோட்டில் நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் குழாய் அவ்வளவு உயரம். மேற்கே பார்த்தால் கொடைக்கானல். தென்கிழக்கே திருப்பினால், காற்று வாட்டமாக இருக்கும் ராத்திரிகளில், இலங்கையின் ரூபவாஹினி. அது 1982 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குச் சென்னையைவிட ரூபவாஹினிதான் முந்திப் பழக்கம். எங்களுக்கு அது கொசு மொய்க்கிற மாதிரித்தான் தெரியும். சித்தப்பா மாடியில் குழாயைத் திருக, நான் முற்றத்தில் நின்று "இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு, பழையபடி திருப்புங்க" என்று கத்துவது என் சிறுவயதுத் தொழில்களில் ஒன்று.

தமிழ் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். எட்டரை மணிக்கு மேல் டில்லி வந்துவிடும், இந்தியும் இங்கிலீஷும். தமிழ் மாகாணத்தில் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு தமிழுக்காக வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை படம் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. தூர்தர்ஷன் காலத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான் மறக்கவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்டு. டிவி லைசென்ஸ் 80-களின் நடுவிலேயே ஒழிந்துபோனது. அதற்கு முன்னால் ரேடியோவுக்கே தபாலாபீசில் பணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அப்பத்தா அந்தப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தது. லைசென்ஸ் போன பிறகு, பெட்டி வாங்கக் காசிருந்தால் போதும், அலைக்குக் காசில்லை. பெட்டி வாங்க முடியாதவர்களுக்குப் பஞ்சாயத்து டிவி. அதுவும் இல்லையென்றால் எங்கள் வீட்டு ஜன்னல். வெள்ளிக்கிழமை ராத்திரி கூடத்தில் இருபது பேர், ஜன்னலில் பத்துப் பேர். மங்கலாகத் தெரிந்தால் எல்லாருக்கும் மங்கல், தெளிவாகத் தெரிந்தால் எல்லாருக்கும் தெளிவு.

இனி 1993. ஜனவரி 26-இல் தூர்தர்ஷன், நான்கு பெருநகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் மூலம் இணைத்து மெட்ரோ சேனலாக்கியது. 1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவியும், 1992 அக்டோபரில் ஜீ டிவியும் வந்துவிட்டதால் வந்த பயம் அது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், சன் டிவி. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஜூலையில் ரூபர்ட் மர்டாக் ஸ்டார் டிவியின் 63.6 சதவீதப் பங்கை 52.5 கோடி டாலருக்கு வாங்கினார். ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷனே புதிய செயற்கைக்கோள் அலைவரிசைகளை இறக்கியது. அந்த மாதக் கடைசியில் மலையாளத்தில் ஏஷியாநெட்.

இதில் சட்டம் எங்கே என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்தது 1885-ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவுப்படி தந்தி நடத்தும் ஏகபோக உரிமை மத்திய அரசுக்கு. வானொலியும் தொலைக்காட்சியும் "தந்தி" என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கம். ஆகவே இந்திய மண்ணிலிருந்து தனியார் யாரும் செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை ஏற்ற முடியாது. அதனால் தனியார் சேனல்கள் இங்கே எடுத்த நிகழ்ச்சியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வானுக்கு ஏற்றின. வானிலிருந்து திரும்ப நம் ஊரில் விழுவதைக் குடையில் பிடிப்பவனையும், அதை ஒயரில் வீடு வீடாக இழுப்பவனையும் என்ன செய்வது என்று 1885-ஐ எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. தமிழ் நிகழ்ச்சி கடல் கடந்து போய், வானம் ஏறி, இலுப்பூரில் வந்து இறங்கியது இந்தச் சந்துக்குள் புகுந்துதான்.

இறங்கிய இடம் ஒரு வீடியோ கடையின் மொட்டை மாடி. பெரும்பாலான ஊர்களில் கேபிள்காரர் என்பவர் அதற்கு முன்னால் டெக் வாடகைக்கு விட்டவர்தான். கல்யாணத்துக்கு, கோயில் கொடைக்கு, டெக்கும் கலர் டிவியும் ராத்திரி வாடகைக்குப் போகும். பிறகு ஒரே டெக்கிலிருந்து பத்து இருபது வீட்டுக்கு ஒயர் இழுத்துப் படம் போட்டார்கள். குடை வந்ததும் அதே ஒயரில் வானம் ஓட ஆரம்பித்தது. எங்கள் ஊர் அண்ணன் வைத்த குடை ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைவிட இரண்டு மடங்கு. கிழக்கே பார்த்து அண்ணாந்து நிற்கும். எங்கள் வீட்டு ஆன்டெனா கொடைக்கானலைப் பார்த்து மேற்கே நின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒயரின் சுபாவம் வேறு. தூரம் போகப் போக அதில் படம் செத்துக்கொண்டே வரும். இடையிடையே ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைத்து ஊட்டம் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து. அந்த வீட்டுக்குக் கேபிள் இலவசம். அவர் கோபித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தால் தெருவே இருண்டுவிடும்! பெட்டியும் ஒயரும் காசு. ஆகவே வீடுகள் நெருக்கமாக, மாதாமாதம் பணம் தரக்கூடியதாக இருக்கும் தெரு வரைக்கும்தான் கணக்குக் கட்டும். கடைத்தெரு, எங்கள் தெரு, அடுத்த தெரு, பள்ளிக்கூடத்துப் பக்கம், அங்கே நின்றது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்புக்குப் பல வருஷம் போகவில்லை. அண்ணன்மேல் எனக்குக் குற்றச்சாட்டு எதுவுமில்லை. வட்டிக்கு வாங்கிப் போட்ட குடை அது.

கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்துதான் என் வகுப்புத் தோழன் ஒருவன் வெள்ளிக்கிழமைகளில் வருவான். கேபிள் வந்த புதிதில் தினமும் வந்தான். அவன் மட்டுமா, ஜன்னலே தினமும் நிறைந்தது. வாரத்தில் ஒரு ராத்திரி கூட்டத்தைத் தாங்கிய வீடு ஏழு ராத்திரியும் தாங்காது. கார்த்திகை முடிவதற்குள் அம்மா ஜன்னல் கதவைச் சாத்த ஆரம்பித்தது. அப்பத்தா மட்டும், "புள்ளைக வந்துட்டுப் போகட்டுமே" என்று முனகும். ஒருநாள் ஜன்னலைச் சாத்தியது நான்தான். அவன் வெளியே நின்றது தெரிந்தும் சாத்தினேன். பிறகு அவன் வரவில்லை, பள்ளியில் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பஞ்சாயத்து டிவிக்கும் ஆள் குறைந்தது. கொஞ்ச நாளில் அறையைத் திறக்கவே ஆளில்லை.

அதே நவம்பரில் கல்கத்தாவில் ஒரு வழக்கு சூடாகிக்கொண்டிருந்தது. ஈடன் கார்டனில் ஹீரோ கோப்பைப் போட்டி. 24-ஆம் தேதி அரையிறுதியில், தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரைச் சச்சின் வீசி, இந்தியா இரண்டு ரன்னில் ஜெயித்ததே, அந்தப் போட்டிதான். வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிறுவனத்தின் கருவிகள் பம்பாய்ச் சுங்கத்தில் சிக்கின. ஆயுதம் மறுபடி அதே 1885 சட்டம். உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்புச் சொன்னது: அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவற்றை அரசு தன் ஏகபோகமாக வைத்திருக்கக் கூடாது, மக்கள் நலனுக்காகச் சுயேச்சையான பொது அமைப்பு ஒன்று நெறிப்படுத்த வேண்டும். நாடாளுமன்றம் 1990-லேயே நிறைவேற்றிய பிரசார் பாரதி சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1997 செப்டம்பரில்தான்.

1993-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் அரசின் பிடி தளர்ந்த வருஷம் என்கிறார்கள். அது சரி, தேவையான தளர்வுதான். சாயங்காலம் முழுக்கத் தமிழ் கேட்டது சின்ன விஷயமில்லை. ஆனால் "பொதுச்சொத்து" என்று நீதிமன்றம் அலையைப் பற்றிச் சொன்னபோது, எங்கள் ஊரில் பாதிப்பேர் அலையை விட்டு ஒயருக்குப் போயிருந்தோம். ஒயரைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு வந்தது 1994 செப்டம்பரின் அவசரச் சட்டமும், 1995-இன் கேபிள் சட்டமும். கேபிள்காரர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றெல்லாம் அப்போது அதில் இருந்தது. அப்பத்தா ரேடியோவுக்கு முத்திரை வாங்கிய அதே தபால் இலாகா! ஒயர் எந்தத் தெரு வரை போக வேண்டும் என்பது எந்தப் பிரிவிலும் இல்லை. மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது 2011-இல். அதற்குள் என் தோழன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் அலைபரப்பிகளை அநேகமாக எல்லா ஊரிலும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. அது நின்ற நாளில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவிடம் குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "கொடிக்கு வேற கம்பு நட்டுட்டு எடு" என்றது. இன்னும் நடவில்லை.